மெட்ரோ நிலையத்தின் அருகே 220 பேருக்கான கூட்டுவாழ்வுக் கட்டடம்: பொதுச் சமையலறையை எங்கே வைப்பது?

வரைபடமேசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நெருக்கமான நகரப் பகுதி ஒன்றில், உயர்மட்ட மெட்ரோ நிலையத்தின் வாயிலிலிருந்து 150 மீட்டர் நடைதூரத்தில் உள்ள மனையில் ஒரு கூட்டுவாழ்வுக் குடியிருப்பை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். மனையின் அளவு 32 மீட்டருக்கு 46 மீட்டர். தளப் பரப்புக் குறியீடு 4, அதாவது எல்லாத் தளங்களையும் சேர்த்து மனையின் பரப்பைப் போல நான்கு மடங்கு கட்டலாம் என்பதால், ஏறத்தாழ 5,880 சதுர மீட்டர் கிடைக்கிறது. அதைத் தளத்துக்கு 490 சதுர மீட்டர் வீதம் 12 தளங்களாகப் பிரித்திருக்கிறேன். தரைத்தளத்தில் நுழைவாயிலும் சில கடைகளும் வருகின்றன. முதல் தளம் முழுவதும் பொதுப் பயன்பாட்டுக்கு: பெரிய சமையலறை, உணவுக்கூடம், மடிக்கணினியோடு அமர்ந்து வேலை செய்யும் இடம், உடற்பயிற்சிக்கூடம். அதற்கு மேலுள்ள 10 தளங்களில், தளத்துக்கு 22 அறைகள். ஒவ்வோர் அறையும் குளியலறை உட்பட 13 சதுர மீட்டர். ஆக 220 பேர். நிலத்தடியில் இரண்டு தளங்களில் 40 கார்களுக்கு இடம் ஒதுக்கியுள்ளேன்.

கட்டடத்தின் குறுகிய முகம் வடக்கே, மெட்ரோ பாதையைப் பார்த்தபடி, அதிலிருந்து 28 மீட்டர் தள்ளி நிற்கிறது. நீண்ட முகங்கள் கிழக்கும் மேற்கும்.

எல்லோரும் ஒரே பெரிய கூடத்தில் சந்தித்தால்தான் கூட்டுவாழ்வு என்ற பெயருக்குப் பொருள் இருக்கும் என்றும், ஒரே சமையலறையென்றால் பராமரிப்பும் எளிது என்றும் மனை உரிமையாளர் கருதுகிறார். எனக்கும் முதலில் அது சரியாகவே பட்டது. ஆனால் வரைபடத்தில் 220 பேரையும் மாலை ஏழரை மணிக்கு அந்தச் சமையலறையில் நிறுத்திப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. பொதுவிடங்களை ஒரே தளத்தில் குவிப்பதா, தளந்தோறும் பிரிப்பதா? ரயில் ஓசைக்கு அருகில் உறங்கும் அறைகளை எப்படி அடுக்குவது? கார் நிறுத்துமிடம் உண்மையிலேயே இந்த அளவுக்குத் தேவையா? பத்தாண்டுகள் கழித்து இவ்வகைக் குடியிருப்பை யாரும் விரும்பாமல் போனால் கட்டடம் என்ன ஆகும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


முற்றத்துத்தூண் எழுதியது:

வணக்கம் ஐயா. மாலை ஏழரை மணிக்கு ஆட்களை வரைபடத்தில் நிறுத்திப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அங்கேயே இருக்கிறது.

பகிர்ந்து வாழ்வது என்பது, இன்னாரோடு பகிர்கிறேன் என்று தெரிந்திருக்கும்போது மட்டுமே நிலைக்கும். 220 பேருக்கான சமையலறையில் அழுக்குப் பாத்திரத்தை விட்டுச் சென்றவர் யார் என்று எவருக்கும் தெரியாது. எட்டு அல்லது ஒன்பது பேருக்கான சமையலறையில் அது எல்லோருக்கும் தெரியும், விட்டுச் சென்றவருக்கும் அது தெரியும். முதலாவதை நடத்தக் காவலாளும் துப்புரவாளரும் விதிப்பலகையும் வேண்டும். இரண்டாவதை அங்கு வாழ்பவர்களே நடத்திக்கொள்வார்கள். பராமரிப்பு எளிது என்ற உரிமையாளரின் கணக்கு குழாய்களையும் அடுப்புகளையும் எண்ணுகிறதே ஒழிய மனிதர்களை எண்ணவில்லை.

இதற்கு முன்னுதாரணங்களும் உண்டு. லண்டனில் 1934இல் வெல்ஸ் கோட்ஸ் வடிவமைத்த ஐசோகான் அடுக்ககத்தில், தனி வீடுகளில் மிகச் சிறிய சமையல் மூலை மட்டும் வைத்து, கீழே ஒரு மையச் சமையலறையை அமைத்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1937இல், அந்த இடம் உணவருந்தும் மதுக்கூடமாக மாற்றப்பட்டது. டென்மார்க்கில் 1972இல் குடியேறிய சேட்டடாமென் குடியிருப்பில் 27 குடும்பங்களும் தத்தம் வீட்டில் முழுச் சமையலறை வைத்துக்கொண்டு, பொதுவீட்டைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டன. அது இன்றும் கூட்டுக் குடியிருப்புகளின் முன்னோடியாகக் கொண்டாடப்படுகிறது. சொந்தமாக எதுவுமில்லாதவரிடம் பகிரச் சொல்வதற்கும், போதிய அளவு உள்ளவரை விருப்பப்பட்டுப் பகிர அழைப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை இந்த இரண்டும் காட்டுவதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். தளத்துக்கு 22 அறைகள் என்பதை 18 ஆக்குங்கள். விடுபடும் நான்கு அறைகளின் பரப்பு 52 சதுர மீட்டர். அதில் தலா 26 சதுர மீட்டரில் இரண்டு சமையலறைகள், ஒவ்வொன்றும் உணவு மேசையோடு, ஒன்பது பேருக்கு. கிழக்குப் பக்கத்து ஒன்பது அறைகள் ஒரு குழு, மேற்குப் பக்கத்து ஒன்பது மற்றொரு குழு. சமையலறை மேலே போய்விட்டதால் முதல் தளத்தில் பாதி விடுபடும். அங்கே இன்னொரு ஒன்பது பேர் குழுவை வைத்தால் மொத்தம் 189 பேர். 31 அறைகள் குறைகின்றன என்பது உண்மை. உரிமையாளர் இதை இழப்பு என்பார். ஆனால் ஆறு மாதத்தில் காலி செய்துகொண்டு போகும் 220 பேரையும், இரண்டு மூன்று ஆண்டுகள் தங்கும் 189 பேரையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது. அறை காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் அவர் கணக்கில் விழும் என்பதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

சமையலறையின் அளவைவிட அதன் இடம் முக்கியம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பில் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 1950இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே தளத்தில் அடுத்த கதவுக்காரரை நெருங்கிய நண்பராகக் குறிப்பிட்டவர்கள் 41 விழுக்காடு என்றும், மறுகோடிக் கதவுக்காரரைக் குறிப்பிட்டவர்கள் 10 விழுக்காடு என்றும் காட்டியது. அந்த மறுகோடியும் நூறு அடிக்குள்தான் இருந்தது. படிக்கட்டுக்கும் அஞ்சல்பெட்டிக்கும் அருகில் வாழ்ந்தவர்களுக்கு மேல்தளத்து நண்பர்கள் கூடுதலாகக் கிடைத்தார்கள். ஆகவே மின்தூக்கியிலிருந்து அறைக்குப் போகும் வழியில் சமையலறை குறுக்கிட வேண்டும். நடைக்கூடத்தின் கடைக்கோடியில், யாரும் காரணமின்றிப் போகாத மூலையில் அதை ஒதுக்கினால் அது கிடங்காகிவிடும்.

பத்தாண்டுகளுக்குப் பிந்தைய கேள்வி என்னை மிகவும் நெகிழ்த்தியது. பெரும்பாலோர் அதைக் கேட்பதே இல்லை. தோக்கியோவில் 1972இல் கிஷோ குரோகாவா கட்டிய நகாகின் கோபுரத்தில் 140 சிறு அறைப்பெட்டிகளை இரண்டு தூண் கோபுரங்களில் பொருத்தி, 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றி மாற்றலாம் என்று திட்டமிட்டார்கள். ஒன்றுகூட மாற்றப்படவில்லை. 2022இல் கோபுரமே பிரித்து இறக்கப்பட்டது. அழகான எண்ணம்தான், ஆனால் மாற்றத்தை நடைமுறையில் செய்யக்கூடியதாக அது அமையவில்லை. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாரம் முழுவதையும் தூண்களும் உத்திரங்களும் தாங்கட்டும்; அறைகளுக்கு இடையிலுள்ள சுவர்கள் எதுவும் பாரம் தாங்கக் கூடாது. தூண் இடைவெளி இரண்டு அறை அகலமாக, ஏறத்தாழ 6 மீட்டராக இருக்கட்டும். குழாய்ச் செங்குத்துகளை, அதாவது குழாய்கள் தளத்துக்குத் தளம் ஏறி இறங்கும் இடுக்குகளை, இரண்டு அறைகளுக்கு ஒன்றாக, நடைக்கூடத்தின் பக்கம் வையுங்கள். ஒன்பது அறைகளும் ஒரு சமையலறையும் கொண்ட குழுவை நாளை இரண்டு மூன்று குடும்ப வீடுகளாக மாற்ற விரும்புபவர், சில சுவர்களை எடுத்தாலே போதும் என்ற நிலை அப்போதுதான் இருக்கும்.


அதிர்வுமானி எழுதியது:

நான் கட்டட ஒலியியல் துறையில் வேலை செய்பவன். ரயில் ஓசையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். அடித்தளம் தோண்டுவதற்கு முன் மனையில் அதிர்வையும் ஓசையையும் அளந்துவிடுங்கள். காற்றின் வழியே வரும் ஓசையைச் சன்னலில் தடுத்துவிடலாம். கட்டடம் முடிந்த பிறகும் சன்னலை மாற்றலாம். நிலத்தின் வழியே தூணுக்குள் ஏறிவரும் அதிர்வு அப்படியல்ல. அது சுவர்களையும் தளங்களையும் மெல்ல அதிரச் செய்து, 30 ஹெர்ட்ஸ் முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரு தாழ்ந்த உறுமலாக அறைக்குள் கேட்கும். எந்தச் சன்னலும் அதை நிறுத்தாது. தேவைப்பட்டால் தூண்களுக்கு அடியில் ரப்பர் தாங்கிகளையோ எஃகுச் சுருள்வில்களையோ வைக்கலாம்; ஆனால் அந்த முடிவை அடித்தள வரைபடத்திலேயே எடுத்தாக வேண்டும். உயர்மட்டப் பாதையில் 28 மீட்டர் தொலைவு என்பதால் அதிர்வு ஏற்கத்தக்க அளவிலேயே இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன், எனினும் மண்ணின் தன்மை இடத்துக்கு இடம் மாறும். அளவீட்டுக்கு ஆகும் செலவு, பின்னால் வரும் வருத்தத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

காற்றில் வரும் ஓசைக்கு வருகிறேன். உறங்கும் அறைக்குள் இரவுச் சராசரி 30 டெசிபலையும், தனித்த ஓசைகளின் உச்சம் 45 டெசிபலையும் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பு 1999இல் கூறிய வழிகாட்டுதல். 2018இல் ரயில் ஓசைக்கென்றே, கட்டடத்துக்கு வெளியே இரவுச் சராசரி 44 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இங்கே பலர் தவறும் இடம், சராசரியை மட்டும் பார்ப்பது. ஒரு ரயில் கடப்பதற்குச் சில விநாடிகள்தான் ஆகும். ஒரு மணி நேரச் சராசரியில் அது கரைந்துபோய், எண் அழகாகத் தெரியும். உறங்குபவரை எழுப்புவது அந்தச் சில விநாடிகளின் உச்சம். ஆகவே கடைசி ரயிலுக்குச் சற்று முன்பும், முதல் ரயிலின்போதும், பராமரிப்பு வண்டிகள் ஓடும் நள்ளிரவிலும் உச்ச அளவைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சன்னலுக்கு வெளியே உச்சம் 75 டெசிபல் என்று வந்தால், உள்ளே 45 ஆக்குவதற்குச் சன்னல் 30 டெசிபலைக் குறைக்க வேண்டும். நன்றாக மூடும் இரட்டைக் கண்ணாடிச் சன்னலுக்கு அது கடினமான வேலையே இல்லை. ஆனால் அதே சன்னலைக் காற்றுக்காகக் கொஞ்சம் திறந்தால் தடுப்பு 10 முதல் 15 டெசிபலுக்கு இறங்கிவிடும். எனவே பாதையைப் பார்க்கும் அறைக்கு, சன்னலைத் திறக்காமலே வெளிக்காற்றைத் தரும் வழி ஒன்று இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அங்கு வாழ்பவர் ஒவ்வோர் இரவும் காற்றா உறக்கமா என்று தேர்வு செய்ய வேண்டியிருக்கும். அந்த நிலைக்கு ஒருவரைத் தள்ளும் வரைபடத்தில் நான் கையெழுத்திட மாட்டேன்.

இதைவிடச் சிறந்தது, அந்த முகத்தில் எவரும் உறங்காமல் இருப்பதுதான். உங்கள் வடக்கு முகம் குறுகியது. இது பெரிய நன்மை. முற்றத்துத்தூண் அவர்கள் சொன்ன இரண்டு சமையலறைகளையும் ஒரு படிக்கட்டையும் அந்த முகத்தில் வைத்தால் அது முழுவதும் நிரம்பிவிடும், அவற்றின் பின்னால் உள்ள அறைகளுக்கு அவையே ஓசைத் தடுப்பாகவும் அமையும். சமையலறையில் ரயில் கடக்கும்போது பேச்சு ஒரு கணம் தடைபடலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கிழக்கு, மேற்கு முகங்களிலும் வடகோடி அறைகளுக்குப் பக்கவாட்டில் ஓசை வரும். அவற்றின் சன்னலைப் பாதையிலிருந்து சற்றே திரும்பியிருக்குமாறு சாய்த்து அமைத்தால் நல்ல பயன் கிடைக்கும்.

பலர் கீழ்த்தளங்களில்தான் ஓசை அதிகம் என்று எண்ணுகிறார்கள். உயர்மட்டப் பாதையில் அது பெரும்பாலும் தலைகீழ். தண்டவாளத்துக்குக் கீழே உள்ள தளங்களைப் பாதையின் தளமும் கைப்பிடிச் சுவரும் மறைத்துவிடும். தண்டவாளத்தை நேரடியாகப் பார்க்கும் மேல்தளங்களுக்கு மறைப்பு ஏதும் இல்லை. எனவே முதல் தளத்தில் மட்டும் அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

இறுதியாக, கூட்டுவாழ்வுக் கட்டடத்தில் ரயிலைவிட அதிகமான முறையீடுகள் அண்டை அறையைப் பற்றியே வரும். சுவருக்கு 50 டெசிபல் தடுப்பு வேண்டும் என்று செலவழித்துக் கட்டிவிட்டு, நடைக்கூடத்தைப் பார்க்கும் கதவுக்கு மெல்லிய பலகையைப் போட்டு, அடியில் ஒரு விரற்கடை இடைவெளியும் விடுகிறார்கள். ஓசை அந்த இடைவெளியைத்தான் தேடி வரும். கனமான கதவு, நான்கு பக்கமும் ரப்பர் பட்டை, நடைக்கூடத்தில் எதிரெதிராகக் கதவுகள் வராத அமைப்பு, நாற்காலி இழுக்கும் ஓசை கீழே இறங்காதபடி தரை ஓட்டின் அடியில் ஒரு மெத்தைப் படலம். இவற்றில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.


எட்டாம்தளவாசி எழுதியது:

நான் கட்டடத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. இவ்வகைக் குடியிருப்புகள் இரண்டில் மொத்தம் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதல் கட்டடத்தில் அறுபது பேருக்கு ஒரே சமையலறை. படங்களில் மிக அழகாக இருக்கும்; நீண்ட மரமேசை, தொங்கும் விளக்குகள். நான் குடியேறிய மூன்றாவது மாதத்தில் குளிர்பெட்டிகளில் பூட்டுத் தொங்கியது. ஆறாவது மாதத்தில் பெரும்பாலோர் வெளியிலிருந்து உணவு வரவழைத்துத் தங்கள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உண்டார்கள். யாரும் தீயவர்கள் அல்லர். ஒவ்வொரு மாலையும் யாரென்றே தெரியாத முகங்களுக்கு நடுவில் அடுப்புக்குக் காத்திருப்பது, நாள் முழுவதும் வேலை செய்து ரயிலில் நின்றுகொண்டே வந்தவருக்குத் தாங்க முடியாத களைப்பைத் தருகிறது. இரண்டாவது கட்டடத்தில் எட்டுப் பேருக்கு ஒரு சமையலறை. அந்த எட்டுப் பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர்களுக்கு மாலைக்குள் தெரிந்துவிடும்.

இருந்தாலும் முற்றத்துத்தூண் அவர்கள் சொன்ன ஒன்றில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. சமையலறை வழியில் இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அதற்குள் நுழைந்துதான் அறைக்குப் போக முடியும் என்று ஆக்கிவிடாதீர்கள். யாரையும் பார்க்க விரும்பாத நாள்கள் எல்லோருக்கும் வரும். அழுதுகொண்டு வீடு திரும்பும் நாளில் எட்டுப் பேருக்கு வணக்கம் சொல்லிக் கடந்து போக வேண்டிய கட்டாயம் மிகவும் கொடுமையானது. நடைக்கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நுழையலாம், அல்லது கையசைத்துவிட்டுக் கடந்து போகலாம். தன் அறைக்குத் தனியாகப் போகும் வழி உள்ளவர்தான் மகிழ்ச்சியோடு வெளியே வந்து அமர்வார். இதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

அறைக்கு 13 சதுர மீட்டர் என்பது குறைவு என்றும் சொல்ல வேண்டும். லண்டன் மாநகர நிர்வாகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இவ்வகைத் தனியறைக்குக் குறைந்தது 18 சதுர மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்குப் போக இயலாவிட்டாலும், கட்டிலில் படுத்திருக்கும்போது குளியலறைக் கதவு முகத்துக்கு நேரே திறக்காத அளவுக்காவது, ஒரு விருந்தினர் வந்தால் கட்டிலைத் தவிர அமர இன்னோர் இருக்கை போடும் அளவுக்காவது இடம் கொடுங்கள். பெட்டிகளை வைக்கக் கட்டிலுக்கு அடியில் உயரம் வேண்டும். சன்னல் அடிமட்டம் தாழ்வாக, உட்காரக்கூடிய திண்ணைபோல இருந்தால் சிறிய அறை பெரிதாகும்.

நிலையத்திலிருந்து வரும் அந்த 150 மீட்டரையும் மறந்துவிடாதீர்கள். கடைசி ரயிலில் இறங்கி வரும் பெண் நடக்கும் வழி அது. உங்கள் மனையின் நுழைவாயில் நிலையத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அந்தப் பக்கம் வெற்றுச் சுவரோ கார் இறங்கும் சரிவோ வந்தால் இரவில் அந்த இடமே இருண்டு போகும். இரவு வரை விளக்கு எரியும் கடை ஒன்று அங்கே இருந்தாலே போதும், வழி முழுவதும் துணை வந்ததுபோல இருக்கும்.


சாவிக்கொத்து எழுதியது:

இத்தகைய கட்டடம் ஒன்றை நிர்வகிப்பவன் நான். மேலே எழுதியவர்களோடு உடன்படுகிறேன். சில நடைமுறைச் செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

குழாய்ச் செங்குத்துகளின் பராமரிப்புக் கதவு நடைக்கூடத்தில்தான் இருக்க வேண்டும். நான் நிர்வகிக்கும் கட்டடத்தில் அவை அறைகளுக்குள்ளே இருப்பதால், ஒரு கசிவைச் சரிசெய்ய மூன்று தளங்களில் மூன்று பேரிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் நான்காவது அறையின் கூரை நனைந்துவிடுகிறது.

மின்தூக்கியைச் சாதாரணக் குடியிருப்புக் கணக்கில் போடாதீர்கள். குடும்பங்கள் வாழும் கட்டடத்தில் முதியவர்களும் குழந்தைகளும் வெவ்வேறு நேரத்தில் இறங்குவார்கள். இங்கே ஏறத்தாழ எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ரயில் நேரத்தைப் பார்த்து ஒரே கால் மணி நேரத்தில் கிளம்புவார்கள். அதே நேரத்தில்தான் எல்லாக் குளியலறைகளிலும் வெந்நீர் ஓடும். மின்தூக்கி, நீரேற்றி, வெந்நீர்க் கொள்கலன் மூன்றையும் அந்தக் கால் மணி நேரத்துக்கு ஏற்பக் கணக்கிடச் சொல்லுங்கள்.

தரைத்தளத்தில் பொட்டலங்கள் வைக்கும் அறையை வரைபடத்தில் இப்போதே ஒதுக்குங்கள். 189 பேருக்கு நாள்தோறும் வரும் பொட்டலங்களுக்கு இடமில்லாவிட்டால் அவை வரவேற்பறைத் தரையில் கிடக்கும், பிறகு தொலையும். அதேபோலத் துணி துவைக்கும் இடத்தை நிலத்தடிக்குத் தள்ளாதீர்கள். வெளிச்சமுள்ள இடத்தில், அமர ஒரு பெஞ்சோடு வைத்தால், முதல் தளத்தில் மீதமுள்ள பொதுவிடத்துக்கு ஆட்கள் வருவதற்கு அதுவே காரணமாகும். உடற்பயிற்சிக்கூடத்தைவிட அங்கேதான் அதிக உரையாடல் நடக்கிறது.

கார் நிறுத்துமிடத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. ஒரு கார் நிற்கவும் திரும்பவும் 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். அது உங்கள் அறையைப் போல இரண்டு மடங்கு. 40 கார்களுக்கு ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் நிலத்தைத் தோண்டுகிறீர்கள், அதுவும் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு நிமிட நடையில். கார் இல்லாதவரும் அந்தச் செலவைத் தம் வாடகையில் சுமக்கிறார் என்பதைப் பொருளியலாளர் டொனால்ட் ஷூப் 2005இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டார். 2017இல் அமெரிக்காவின் பஃபலோ நகரம் குறைந்தபட்ச நிறுத்துமிட விதியையே நீக்கியது. உங்கள் ஊர் விதி எந்த அளவுக்கு விலக்கு தருகிறது என்று கேளுங்கள். தரும் விலக்கு முழுவதையும் பயன்படுத்துங்கள்.


வரைபடமேசை எழுதியது:

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாள்களாக வரைபடத்தைத் திரும்ப வரைந்தேன்.

வடக்கு முகத்தில் இரண்டு சமையலறைகளும் அவற்றுக்கு நடுவில் ஒரு படிக்கட்டும் வந்துவிட்டன. 16 மீட்டர் அகலத்தை இப்படிப் பிரித்திருக்கிறேன்: கிழக்கு அறைகள் 4.5 மீட்டர், நடைக்கூடம் 1.6, நடுவில் மின்தூக்கிகளும் கிடங்கும் குழாய்ச் செங்குத்துகளும் 3.8, மீண்டும் நடைக்கூடம் 1.6, மேற்கு அறைகள் 4.5. நடுப்பகுதி இரண்டு குழுக்களையும் இயல்பாகவே பிரித்துவிடுகிறது. அறைக்கதவுகள் எதிரெதிராக வரும் சிக்கலும் நீங்கியது. மின்தூக்கியை வடக்கே நகர்த்தியதால் வெளியே வரும் ஒவ்வொருவரும் சமையலறையின் கண்ணாடித் தடுப்பைக் கடந்தே தம் அறைக்குப் போவார்கள், ஆனால் உள்ளே நுழைய வேண்டியதில்லை. தென்கோடியில் இரண்டாவது படிக்கட்டு.

நிலத்தடியில் ஒரு தளத்தை நீக்கிவிட்டேன். மீதமுள்ளதில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவசர வண்டிகளுக்கும் பகிர்வுக் கார்களுக்கும் மட்டும் இடம். மிதிவண்டிகளைத் தரைத்தளத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். கார் சரிவை நிலையத்துக்கு எதிர்ப்புறம் திருப்பினேன். 189 பேர் என்ற எண்ணை உரிமையாளர் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை என்றாலும், தோண்டும் செலவு குறைந்ததைக் காட்டியபோது கேட்கத் தயாரானார்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. குழாய்ச் செங்குத்துகள் நடுப்பகுதிக்குப் போய்விட்டதால், அறையின் கழிவுநீர்க் குழாய் நடைக்கூடத்தைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. இது சரியா?


முற்றத்துத்தூண் எழுதியது:

அதை மட்டும் மாற்றுங்கள் ஐயா. கழிவறைக் குழாய் நடைக்கூடத்தின் கூரையில் படுத்துப் போனால் சரிவுக்காகக் கூரையைத் தாழ்த்த வேண்டிவரும், அடைப்பும் அங்கேதான் ஏற்படும். இரண்டு அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகாக நடைக்கூடத்தை ஒட்டி வைத்து, அவற்றுக்கு இடையே 60 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு செங்குத்தை விட்டு, அதன் கதவை நடைக்கூடத்தில் திறவுங்கள். பக்கத்துக்கு ஒன்பது அறைகள் என்பதால் ஓர் அறை இணையின்றி மிஞ்சும். அதைச் சமையலறைக்கு அடுத்ததாக வைத்தால் இரண்டும் ஒரே செங்குத்தைப் பகிர்ந்துகொள்ளும். நடுப்பகுதியில் மின்கம்பிகளும் குடிநீர் ஏற்றக் குழாயும் தீயணைப்புக் குழாயும் போதும்.


அதிர்வுமானி எழுதியது:

அந்தச் செங்குத்தின் இரண்டு பக்கச் சுவர்களையும் கனமாகக் கட்டுங்கள். குழாயைச் சுவரில் பிடிக்கும் பட்டைகளுக்கு ரப்பர் உறை இருக்கட்டும். சமையலறைக்கு அடுத்த அந்த ஒன்பதாவது அறையில் கட்டிலின் தலைப்பக்கம் எதிர்ச்சுவரில் வருமாறு மின்புள்ளிகளை இப்போதே குறித்துவிடுங்கள். அளவீட்டு முடிவு வந்ததும் உச்ச அளவுகளை இங்கே பகிருங்கள், வடகோடிச் சன்னல்களை எவ்வளவு சாய்ப்பது என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.